ஒட்டுப்படமும் திணை மயக்கமும்

கிழிந்த தாளும் துருவேறிய தகரமும் கலைக்குப் பொருளாகுமா என்னும் வினாவுக்கு விடை கிடைத்து நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. 1912ஆம் ஆண்டில் பிக்காசோ, பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணித் துண்டொன்றைத் தம் ஓவியத்தில் ஒட்டி, கயிற்றையே அதற்குச் சட்டமாகச் சுற்றினார். 'ஒட்டுதல்' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் அடியாகப் பிறந்த 'கொலாஜ்' என்னும் பெயர் இக்கலைக்கு நிலைத்தது. தமிழில் இதனை ஒட்டுப்படம் எனலாம். நாட்டுப்புறக் காட்சிகளின் புகைப்படங்களையும் காலத்தால் தேய்ந்த பழம்பொருள்களின் புகைப்படங்களையும் வெட்டி இணைக்கும் ஒட்டுப்படம், நாட்டுப்புறமே மறைந்துபோன சிங்கப்பூரில் எதனைச் சொல்கிறது என்பதே இன்று ஆராயத்தக்க வினாவாகும்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தொடங்கப்பெற்றபோது, பொதுக் குடியிருப்பில் வாழ்ந்தோர் மக்கள் தொகையில் நூற்றுக்கு ஒன்பது பேரளவினரே. 1980களின் நடுப்பகுதியில் ஐவருள் நால்வர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்ந்தனர். அத்தாப்புக் கூரையும் தகரக் கூரையும் வேய்ந்த கம்பத்து வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. தலைத்தீவில் எஞ்சி நிற்கும் கம்பம் லோரோங் புவாங்கோக் ஒன்றே. லிட்டில் இந்தியாவிலும் ஒரு காலத்தில் மாட்டுப்பட்டிகள் இருந்தன என்பதை பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை ஆகியவற்றின் பெயர்களே பறைசாற்றுகின்றன. இன்றோ, பொங்கல் விழாவின்போது மாடுகளைக் கொண்டுவந்து சிறுவர்களுக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. மாட்டைக் காட்சிப் பொருளாகவே அறிந்த சிறுவனுக்குச் சுவரில் தொங்கும் ஒட்டுப்படமே ஊர். அப்படம் பிழைபட்டால் அவன் மனத்திலுள்ள ஊரும் பிழைபடும். ஆகவே இக்கலையை அழகுக் கலையாக மட்டும் கருதி விட்டுவிடுதல் இயலாது.

இதனை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல் தமிழிலேயே உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து விலங்கு, மரம், பறை, தொழில் முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல் முதலிய உணர்வு உரிப்பொருள் எனத் தொல்காப்பியம் வகுக்கிறது. ஒட்டுப்படத்தில் நாட்டுப்புறக் காட்சி முதற்பொருளாகவும், அம்மி, அரிக்கேன் விளக்கு, தகரப் பெட்டி போன்ற பழம்பொருள்கள் கருப்பொருளாகவும் அமைகின்றன. இவை ஒன்றோடொன்று கலத்தலைத் திணை மயக்கம் என்பர். அகத்திணையியல் இக்கலப்பைத் தடை செய்யவில்லை. வரம்பு மட்டுமே கட்டுகிறது. இரு நிலங்கள் ஒன்றாகக் கலந்துவிடுதல் கூடாது. வேற்று நிலத்துப் பூவும் பறவையும் வந்து தோன்றின், அவை வந்த நிலத்தின் பயனையே தரும். பிற மயங்கினும் உரிப்பொருள் மயங்குதல் கூடாது. அகப்பாட்டுக்குக் கூறிய இம்மூன்று விதிகளும் கத்தரியும் பசையும் கொண்டு செய்யும் கலைக்கும் வியக்கத்தக்க வகையில் பொருந்துகின்றன.

முதல் விதியை நோக்குவோம். 1857இல் ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே காட்சிபோல் தோன்றும் புகைப்படத்தை உருவாக்கினார். சீனக் கலைஞர் லாங் ஜிங்ஷான் 1930களில் ஒரு மலையையும் வேறோரிடத்து மரத்தையும் இணைத்துச் சீன மை ஓவியம் போன்ற புகைப்படங்களைப் படைத்தார். இருவரும் இணைப்பை மறைப்பதில் வல்லவர்கள். லாங் காட்டிய மலை மனத்தில் உள்ள மலை. இன்ன ஊரின் மலை என அது உரிமை கோரவில்லை. ஆதலின் அங்கே மறைப்பு குற்றமாகாது. மறைந்த கம்பத்தைக் காட்டுவதாகக் கூறும் படமோ சான்றாக நிற்கிறது. தஞ்சை வயலும் செம்பவாங் கரையும் தையல் தெரியாமல் ஒட்டப்படின், தாத்தா விட்டு வந்த ஊர், அவர் வந்து சேர்ந்த ஊர் என்னும் இரண்டும் அழிந்து, எவரும் வாழாத மூன்றாவது ஊர் ஒன்று பிறந்துவிடுகிறது.

இதற்கு மாறான வழியைப் பெர்லின் நகரத்து ஹன்னா ஹோக் 1919இல் காட்டினார். பத்திரிகைப் படங்களை வெட்டி, வெட்டிய விளிம்பு விளிம்பாகவே தெரியுமாறு ஒட்டினார். சிங்கப்பூரில் இம்மரபுக்கு வலுவூட்டியவர் கோ பெங் குவான். 1937இல் மேடானில் பிறந்து, நியூயார்க்கில் பயின்று, 1960களில் சிங்கப்பூர் திரும்பிய அவர், தேயிலை பொதிந்த தாள் போன்ற எளிய பொருள்களைத் தம் ஒட்டுப்படங்களில் கையாண்டார். 1989இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். அவர் படைப்புகள் புகைப்படங்களால் ஆனவையல்ல. எனினும் புகைப்படக் கலைஞர் அவரிடம் கற்க வேண்டியது உண்டு. கிழிந்த தாள் அங்கே கிழிந்த தாளாகவே நிற்கிறது.

இரண்டாம் விதிக்கு டாங் டா வுவின் படைப்பு நல்ல எடுத்துக்காட்டு. 1979இல் ஆங் மோ கியோவில் மண் வெட்டப்பட்டு மழைநீர் அரித்த பள்ளங்களில் அவர் துணிகளைத் தொங்கவிட்டார். மண்ணும் மழையும் வெயிலும் அத்துணிகளில் தம் கறையை எழுதின. 1980இல் அவை கண்காட்சியில் வைக்கப்பட்டன. நிலத்தின் கறையே நிலத்தின் படமாயிற்று. பழம்பொருளின் சிதைவும் இத்தகையதே. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய ஒரு தகரப் பெட்டியை எண்ணிப் பார்க்கலாம். அதன் தகரம் தமிழகத்தது. அதன் துருவோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் சிங்கப்பூரினது. வந்த நிலத்தின் பயனைத் தரும் கருப்பொருள் என்பது இதுவே. அத்துருவைக் கணினியில் துடைத்துப் பளபளப்பாக்குவதும், புதிய பெட்டிக்குச் செயற்கைத் துரு பூசிப் படமெடுப்பதும் அப்பொருளின் பாதி வரலாற்றை அழிப்பதாகும்.

மூன்றாம் விதியில்தான் பெரும்பாலான படங்கள் தவறுகின்றன. உணவகச் சுவர்களிலும் விழா மேடைகளிலும் காணப்படும் ஒட்டுப்படங்களில் மாட்டுவண்டி, தென்னந்தோப்பு, ஆட்டுக்கல், பித்தளைச் செம்பு, சிரிக்கும் மூதாட்டி ஆகிய அனைத்தும் ஒரே பழுப்பு நிறத்தில் மிதக்கின்றன. தமிழகத்துக் காலைப்பொழுதின் நீண்ட நிழலும், நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரின் நண்பகலில் காலடியில் சுருங்கும் நிழலும் ஒரே முற்றத்தில் விழுகின்றன. பொழுது மயங்கியதைக்கூடப் பொறுக்கலாம். பிரிவைச் சொல்ல வேண்டிய படம் விருந்துக்கு அழைப்பதைப் பொறுத்தல் அரிது. ஆட்டுக்கல்லில் மாவரைத்தவளின் தோள்வலி எங்கே? கம்பத்தில் மழைநாளில் வீட்டுக்குள் புகுந்த வெள்ளம் எங்கே? கடந்த காலத்தின் துன்பத்தை நீக்கி இனிப்பை மட்டும் தருவது முதியோருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அடுக்குமாடி வீட்டின் குழாய்நீரை அவர்கள் மகிழ்ந்து வரவேற்றதும், விட்டுவந்த கிணற்றை எண்ணி ஏங்கியதும் ஒருங்கே உண்மை. அவ்விரண்டையும் தாங்கும் படமே நேர்மையான படம்.

அவ்வாறாயின் ஒட்டுப்படத்தை எங்ஙனம் அமைப்பது? மூலப் புகைப்படத்தின்மீது கத்தரி படலாகாது. படியெடுத்தே வெட்ட வேண்டும். குடும்பத்தில் எஞ்சிய ஒரே படத்தை அழித்து எழுப்பும் கலை தன் வேரைத் தானே அறுக்கிறது. பொருளைப் படமெடுக்குமுன் அதனைப் பயன்படுத்தியவரிடம் அதன் கதையைக் கேட்டு, இடத்தையும் காலத்தையும் படத்தின் பின்புறத்தில் எழுதிவைக்க வேண்டும். பழைய செய்தித்தாளை ஒட்டுவோர் எழுத்துகளை வெறும் கோலமாகக் கருதாமல், வாசிக்கத்தக்க ஒரு வரியையேனும் விட்டுவைக்க வேண்டும். மரக்கூழில் உள்ள லிக்னின் காரணமாக அத்தாள் நாளடைவில் மஞ்சளாகும்; அம்மாற்றமும் படத்தின் பொருளோடு இயைந்ததே. எல்லாவற்றையும் ஒட்டியபின், துண்டுகள் சந்திக்கும் கோட்டை மறைக்காமல் விடுதல் இன்றியமையாதது.

ஏனெனில் அக்கோடே இப்படங்களின் உரிப்பொருள். சிங்கப்பூர்த் தமிழரின் வாழ்வு கடலால் ஒருமுறையும், கம்பம் கலைந்தபோது மறுமுறையும் வெட்டப்பட்டு ஒட்டப்பட்ட வாழ்வாகும். அவ்வெட்டுத் தெரியாத படத்தில் அவர்கள் இல்லை. துண்டு துண்டாகக் கிடந்தவற்றைப் பொறுக்கிச் சேர்த்து ஒரு குடும்பமாகவும் ஒரு சமூகமாகவும் நிலைநிறுத்திய உழைப்பு, ஒட்டிய இடத்தில்தான் காணக்கிடைக்கிறது. வளரும் தலைமுறை பார்த்துக் கற்க வேண்டியதும் அவ்விடத்தையே.