ஜொனாதன் பிராட்ஷா: ரேங்க் கார்டும் பத்துக் கேள்விகளும்

பள்ளிக்கூடத்தில் ரேங்க் கார்டு வாங்கி வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். கார்டு வீட்டுக்கு வந்ததும் அப்பா முதலில் பார்ப்பது மார்க்கை அல்ல, ரேங்கை. கணக்கில் என்ன வாங்கினோம், வரலாற்றில் எங்கே சறுக்கினோம் என்பதெல்லாம் அப்புறம்தான். ரேங்க் மோசம்னா அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

2007 பிப்ரவரியில் பிரிட்டனுக்கு இதுதான் நடந்தது. யூனிசெஃபின் இன்னொசென்டி ஆய்வு மையம் வெளியிடும் 'ரிப்போர்ட் கார்டு' வரிசையில் 7வது அறிக்கை வந்தது. பணக்கார நாடுகளில் குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்பதை 6 துறைகள், 40 அளவீடுகள் கொண்டு பார்த்த அறிக்கை அது. மொத்தம் 21 நாடுகள். நெதர்லாந்து முதல் இடம், பிரிட்டன் கடைசி இடம். பத்திரிகைகள் கொந்தளித்தன. புள்ளிவிவரங்கள் சில வருஷம் பழையவை என்றது அரசாங்கம்.

அந்த அறிக்கைக்கு அடிப்படையான கணக்கு வேலையைச் செய்தவர்களில் முக்கியமானவர் யார்க் பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் பிராட்ஷா. பெட்ரா ஹெல்ஷர், டொமினிக் ரிச்சர்ட்சன் இருவரும் அவரோடு சேர்ந்து செய்தார்கள். குழந்தைகளின் நல்வாழ்வை எண்களால் அளக்கும் துறையில் அரை நூற்றாண்டாக இருப்பவர் அவர். கொஞ்ச நாளாக அவர் எழுதியவற்றை முன்னும் பின்னுமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். மரியாதை கூடியிருக்கிறது. கூடவே ஒரு புகாரும் சேர்ந்திருக்கிறது. அதை எழுதிவைக்கத்தான் இந்தக் குறிப்பு.

புகார் இதுதான்: பக்கத்துப் பக்கத்தில் அடுக்கிவைக்க வேண்டியதை எப்படி அடுக்குவது என்று நமக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர். அவருக்குப் பெரிய புகழ் வந்ததோ, அதையெல்லாம் கூட்டி ஒரே எண்ணாக்கியதால்.

1972இலிருந்து ஆரம்பிக்கலாம். அந்த வருஷம் 'நியூ சொசைட்டி' இதழில் பிராட்ஷா ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். சமூகத் தேவை என்று சொல்கிறோமே, அது யாருடைய தேவை என்பதுதான் கேள்வி. நான்கு வகையாகப் பிரித்தார். வல்லுநர் வகுக்கும் தேவை, ஆளே உணரும் தேவை, வாய்விட்டுக் கேட்கும் தேவை, அடுத்தவரோடு ஒப்பிடும்போது தெரியும் தேவை.

ஒரு பிள்ளையின் பல் வலியை எடுத்துக்கொள்ளுங்கள் (உதாரணம் என்னுடையது). இந்தப் பல்லுக்குச் சிகிச்சை வேணும் என்று டாக்டர் சொல்வது முதல் வகை. பிள்ளைக்கு வலிப்பது இரண்டாவது. அம்மா கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது மூன்றாவது. அதே மாதிரி பல் உள்ள பக்கத்துத் தெருப் பிள்ளைக்குச் சிகிச்சை கிடைத்து, இவனுக்குக் கிடைக்காமல் இருப்பது நான்காவது. நான்கும் ஒன்றாக வர வேண்டும் என்று கட்டாயமில்லை. வலி இருந்தும் வரிசையில் நிற்காதவர்கள் உண்டு. டாக்டர் சொல்லியும் வலியே தெரியாதவர்கள் உண்டு. கட்டுரையின் பலமே இந்த நான்கையும் தனித்தனியாக வைத்ததுதான். ஒன்று இருந்து இன்னொன்று இல்லாத இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. கூட்டினால் அது மறைந்துவிடும்.

மறுவருஷம், 1973இல், யார்க்கில் சமூகக் கொள்கை ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். ஊனமுற்ற குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு உதவ அப்போதுதான் அரசு ஒரு நிதியம் அமைத்திருந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் அந்தப் பிரிவின் ஆரம்பகால வேலை. யார்க் என்ற ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சாக்லேட் கம்பெனிக் குடும்பத்தைச் சேர்ந்த சீபோம் ரவுண்ட்ரீ 1899இல் அங்கேதான் 11,560 குடும்பங்களைக் கணக்கெடுத்து, உடல் ஓடுவதற்கே போதாத வருமானம் யாருக்கு என்று பார்த்தார். அந்த ஊரின் கணக்குப் பழக்கம் பிராட்ஷாவிடம் அப்படியே தொடர்கிறது. 1993இல் 15 நாடுகள் குழந்தை உள்ள குடும்பத்துக்கு எவ்வளவு கொடுக்கின்றன என்று ஒப்பிட்டார்கள் அவரும் கூட்டாளிகளும். வரிச்சலுகை, குழந்தைப்படி, வாடகை உதவி என்று எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பத்தின் கையில் கடைசியில் என்ன நிற்கிறது? பவுண்டு, பென்ஸ் கணக்கு. கவர்ச்சி இல்லாத வேலை, ஆனால் உறுதியான வேலை. பணத்தைப் பணத்தோடு கூட்டுவதில் யாருக்கும் சண்டை இல்லை.

2007இல் கூட்டியது வேறு மாதிரி.

பொருள் வசதி, உடல்நலமும் பாதுகாப்பும், கல்வி, குடும்ப உறவும் நட்பும், நடத்தையும் ஆபத்துகளும், பிள்ளைகளே சொல்லும் மனநிறைவு. இவைதான் அந்த 6 துறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டுக்கு எத்தனையாவது இடம் என்று பார்த்து, அந்த இடங்களின் சராசரியை எடுத்து மொத்த வரிசையைப் போட்டார்கள். பிரிட்டன் வாங்கியவை: 18, 12, 17, 21, 21, 20. கூட்டினால் 109, ஆறால் வகுத்தால் 18.2. அமெரிக்கா வாங்கியவை: 17, 21, 12, 20, 20. கூட்டினால் 90, சராசரி 18.0.

எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவுக்கு ஐந்துதான் இருக்கிறது. ஆறாவது துறையான மனநிறைவில் அந்த நாட்டுக்கு இடமே போடவில்லை. ஆறு பேப்பர் எழுதியவனும் ஐந்து பேப்பர் எழுதியவனும் ஒரே ரேங்க் கார்டில். வித்தியாசம் 0.2. பிரிட்டனின் கடைசி இடம் இதன் மேல்தான் நின்றது. அறிக்கையில் எதையும் மறைக்கவில்லை, அட்டவணையில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. ஆனா தலைப்புச் செய்தியில காலிக் கட்டத்துக்கு இடம் கிடையாதே.

உச்சியிலும் இதே கதைதான். நெதர்லாந்து 10, 2, 6, 3, 3, 1, கூட்டினால் 25. ஸ்வீடன் 1, 1, 5, 15, 1, 7, கூட்டினால் 30. மூன்று துறைகளில் முதலிடம் வாங்கிய ஸ்வீடனை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது அந்த ஒரு 15. அது குடும்ப உறவும் நட்பும் என்ற துறை. அதற்குள் மூன்று கூறுகள். குடும்ப அமைப்பு ஒன்று: ஒற்றைப் பெற்றோர் குடும்பத்திலோ, பெற்றோர் மறுமணம் செய்த குடும்பத்திலோ எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கு. பெற்றோரோடு சேர்ந்து சாப்பிடுவது, பேசுவது இரண்டாவது. கூடப் படிப்பவர்கள் அன்பாக, உதவியாக இருக்கிறார்களா என்பது மூன்றாவது.

இரண்டாவதும் மூன்றாவதும் பிள்ளைகளே சொன்ன பதில்கள்: இரண்டாவது 15 வயசுப் பிள்ளைகள் சொன்னவை, மூன்றாவது 11, 13, 15 வயசுப் பிள்ளைகள் சொன்னவை. கூடப் படிப்பவர்கள் அன்பானவர்கள் என்று சொன்ன பிள்ளைகள் பிரிட்டனில் பாதிக்கும் குறைவு. என்னைக் கேட்டால் அந்த அறிக்கையில் தலைப்புச் செய்தி ஆக வேண்டியிருந்த எண் அதுதான். முதலாவது கூறோ பெரியவர்கள் போட்ட முடிவு. அம்மா மட்டும் இருக்கும் வீடு என்றாலே நல்வாழ்வில் ஒரு கழித்தல். இது நியாயமற்றதாக, உணர்ச்சியற்றதாகத் தோன்றலாம் என்று அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டுவிட்டுச் சேர்த்தும் விடுகிறது. 1972 கட்டுரையின் மொழியில் சொன்னால், வல்லுநர் வகுத்ததையும் பிள்ளை உணர்ந்ததையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கிவிட்டார்கள்.

"ரேங்க் போடலைன்னா யார் படிச்சிருப்பாங்க?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 40 எண்களைத் தனித்தனியாக அச்சிட்டிருந்தால் எந்த மந்திரியும் பதில் சொல்லியிருக்க மாட்டார். கடைசி இடம் என்ற அவமானம் ஒரு நாட்டையே தன் பிள்ளைகளைப் பற்றிப் பேச வைத்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை இருந்தது. ஐந்து வருஷம் கழித்து அது தெரிந்தது.

2010இல் பிரிட்டன் குழந்தை வறுமைச் சட்டம் கொண்டுவந்திருந்தது. ஒரு தலைமுறைக்குள் குழந்தை வறுமையை ஒழிப்போம் என்று 1999இல் டோனி பிளேர் கொடுத்த வாக்கின் சட்ட வடிவம் அது. இலக்குகள் வருமானத்தையும் பொருள் வசதியையும் வைத்தே வகுக்கப்பட்டன. 2012 நவம்பரில் புதிய கூட்டணி அரசு, வறுமையை இன்னும் 'நன்றாக' அளக்கலாம் என்று ஒரு கருத்துக் கேட்பு நடத்தியது. வருமானம் மட்டும் போதாதாம். வேலையின்மை, கடன், வீட்டின் நிலை, பெற்றோரின் திறன், பள்ளியின் தரம், பெற்றோரின் உடல்நலம், குடும்பத்தின் நிலைத்தன்மை என்று பட்டியல் நீண்டது. மொத்தம் எட்டு. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பல்பரிமாண அளவுகோல் செய்யலாமா என்று கேட்டார்கள்.

பிராட்ஷா எதிர்த்தார். வறுமையின் காரணங்களையும் விளைவுகளையும் வறுமையோடு சேர்த்துக் குழப்பக்கூடாது என்பது அவர் தரப்பு. முழுக்க முழுக்க சரி. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பது வறுமை ஆகாது. கையில் காசில்லை என்பதுதான் வறுமை. ஆனால் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். 'குடும்பத்தின் நிலைத்தன்மை'. 2007 அட்டவணையில் ஒற்றைப் பெற்றோர் என்ற பெயரில் இருந்த அதே கட்டம்தான் வேறு வாசல் வழியாக வந்து நிற்கிறது. அங்கிருந்துதான் எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நல்வாழ்வு வேறு, வறுமை வேறு என்பதும் உண்மை. ஆனாலும், பலவற்றைக் கூட்டி ஒரு எண் செய்வது நல்ல அறிவியல் என்று ஊருக்கே காட்டியவர், வேறொருவர் அதைச் செய்யும்போது தடுப்பது கஷ்டம். 2016இல் அந்தச் சட்டத்தின் வருமான இலக்குகள் நீக்கப்பட்டன. வருமானக் கணக்கையாவது வருஷாவருஷம் வெளியிட வேண்டும் என்ற கடமை மட்டும், பிரபுக்கள் சபையின் அழுத்தத்தால் தப்பியது.

இத்தோடு நிறுத்தினால் அநியாயம். அவர் பெயர் உள்ள வேலைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கெல்லாம் நடுவில் வந்தது. கில் மெயின் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 2012இல் எழுதிய கட்டுரை. சில்ட்ரன்ஸ் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனத்தோடு செய்த வேலையிலிருந்து வந்தது. ஒரு பிள்ளைக்கு எது இல்லாவிட்டால் அது இல்லாமை என்று முதலில் பிள்ளைகளிடமே உட்கார்ந்து பேசி, பத்துப் பொருள்கள் கொண்ட பட்டியல் போட்டார்கள். வாரம் கொஞ்சம் கைச்செலவுக் காசு. மாதம் சேமிக்கக் கொஞ்சம். பிராண்ட் பெயர் போட்ட ஷூ. ஐபாட் மாதிரி பாட்டுக் கேட்கும் கருவி. வீட்டில் கேபிள் டிவி. தோட்டமோ, பக்கத்தில் விளையாட இடமோ. குடும்பத்துக்கு ஒரு கார். கூட இருப்பவர்களோடு ஒட்டிப்போகிற மாதிரி உடை. வருஷத்தில் ஒரு வாரம் வெளியூர். மாதம் ஒரு தடவை குடும்பத்தோடு எங்காவது.

பிராண்ட் ஷூ எல்லாம் வறுமையில சேர்த்தியான்னு நமக்குத் தோணும். அதுதான் விஷயமே. பெரியவர்கள் போட்டிருந்தால் அந்த வரி வந்திருக்காது. இந்தப் பத்துக் கேள்விகளுக்கான பதில், பிள்ளைகள் எவ்வளவு நிறைவாக இருக்கிறார்கள் என்பதில் உள்ள வேறுபாட்டை வீட்டு வருமானத்தை விட நன்றாகவே விளக்கியது. இது சின்ன விஷயமில்லை. 'பணத்துக்கும் பிள்ளைகளோட சந்தோஷத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை' என்று சொல்ல ஆசைப்படுகிறவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது. சம்பந்தம் இருக்கு, நீங்க அளந்த இடம்தான் தப்பு. அப்பாவின் சம்பளச் சீட்டைப் பார்த்தீர்கள், பையனின் காலைப் பார்க்கவில்லை.

இங்கேயும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று பதில்கள்: இருக்கிறது; இல்லை, ஆனால் வேண்டும்; இல்லை, வேண்டாம். மூன்றாவது பதில் இல்லாமைக் கணக்கில் சேராது. விரும்பாததை இல்லாமை என்று சொல்ல முடியாது என்ற நியாயம் புரிகிறது. ஆனால் 'வேண்டாம்' என்று ஒரு பிள்ளை எப்போது சொல்லும்?

படிப்பு முடித்து நான் சில மாதம் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பும் சர்வே வேலை பார்த்தேன். ஒரு வீட்டில் ஏழாவது படிக்கும் பையன். சைக்கிள் இருக்கா? இல்லை. வேணுமா? பின்னால் அம்மா வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தார். "வேணாம்க்கா. ஸ்கூல் கிட்டக்கதானே" என்றான். 'வேண்டாம்' கட்டத்தில் டிக் போட்டேன். கிளம்பும்போது தெருமுனை வரை கூட வந்தான். சைக்கிள் கடையில் எந்த வண்டி என்ன விலை, எதில் கியர் உண்டு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தான். டிக்கை நான் மாற்றவில்லை. மாற்றவும் கூடாது, அதுதான் விதி.

டெஸ் ரிட்ஜ் 2002இல் எழுதிய புத்தகத்தில் இதே விஷயம் பிரிட்டனிலிருந்து வருகிறது. அரசு உதவியில் வாழும் குடும்பங்களின் 40 பிள்ளைகளோடு அவர் விரிவாகப் பேசினார். பள்ளிச் சுற்றுலாவுக்குக் காசு கேட்க வேண்டாம் என்று தாங்களே முடிவெடுத்து ஒதுங்கும் பிள்ளைகள், அப்பா அம்மா கஷ்டப்படக்கூடாது என்று ஆசையைச் சுருக்கிக்கொள்ளும் பிள்ளைகள். எண் கணக்கில் இவர்கள் 'வேண்டாம்' கட்டத்துக்குள் போய்விடுவார்கள். 1972இன் வகைப்பாட்டில் இவர்களுக்கு இடம் இருந்தது. உணர்ந்தும் கேட்காத தேவை.

அதனால் பிராட்ஷாவைப் படிக்க நினைப்பவர்கள் ரேங்க் பட்டியலில் ஆரம்பிக்க வேண்டாம். பிரிட்டன் குழந்தைகளின் நல்வாழ்வு பற்றி அவர் தொகுத்த புத்தகம் 2002, 2005, 2011, 2016 என்று நான்கு பதிப்பு வந்தது. வறுமை ஓர் அத்தியாயம், உடல்நலம் ஓர் அத்தியாயம், வீடு ஓர் அத்தியாயம், பிள்ளைகள் சொல்லும் மனநிறைவு ஓர் அத்தியாயம். தனித்தனியாக, பக்கத்துப் பக்கத்தில். ஒன்று உயரும்போது இன்னொன்று இறங்குவது அங்கே கண்ணுக்குத் தெரியும். 2007 அறிக்கையைப் படிப்பதானால் மொத்த வரிசையைக் கையால் மறைத்துக்கொண்டு, அந்த ஆறு பத்திகளை மட்டும் பாருங்கள். அமெரிக்காவின் காலிக் கட்டத்தையும் சேர்த்து.