நாவலாசிரியர் எழுதிய இலக்கணம்

பி. ஸி. ரென் என்ற இங்கிலீஷ்காரர் ஒரு நாவலாசிரியர். 1924ல் அவர் எழுதிய 'போ ஜெஸ்ட்' என்னும் நாவல் உலகமெங்கும் விலைபோயிற்று; ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சினிமாவாகவும் வந்தது. பாலைவனம், கோட்டை, பிரெஞ்சு அன்னியப் படை, மூன்று சகோதரர்கள், காணாமற்போன ஒரு நீலக்கல் என்று கதைக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் அதில் உண்டு. நம் ஊரில் அந்த நாவலைப் படித்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அதே ரென், எச். மார்ட்டின் என்பவரோடு சேர்ந்து எழுதிய ஹைஸ்கூல் இலக்கணப் புஸ்தகத்தின் பெயரைக் கேள்விப்படாத இங்கிலீஷ் உபாத்தியாயர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இதைப் பார்த்தால் ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பயம். கதையெல்லாம் மறந்துபோய்க் கடைசியில் பயிற்சிக் கணக்குத்தான் நிற்கும் என்றால் எங்கள் கதி என்ன?

அந்த இலக்கணம் 1935ல் வெளிவந்தது. அதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே ரென் கராச்சியில் தலைமையாசிரியராகவும், பம்பாய் ராஜதானியின் கல்வித் துறையிலும் இருந்துவிட்டுத் தம் ஊருக்குத் திரும்பிவிட்டார். 1941ல் காலமானார். பிற்பாடு என்.டி.வி. பிரசாத ராவ் திருத்திய பதிப்பு இன்றும் விற்கிறது. சிவப்பு அட்டை போட்ட அந்தக் கனத்த புஸ்தகத்தைக் குறைத்துப் பேசுவது சுலபமல்ல. ஒழுங்கு இருக்கிறது, தெளிவு இருக்கிறது, விளக்கம் நான்கு வரி என்றால் பயிற்சி நாற்பது வரி இருக்கிறது. உதாரண வாக்கியங்களில் பழமொழியும் கவிதை வரியும் கலந்து வருவதால், கசப்பு மருந்துக்கு நடுவே கொஞ்சம் கற்கண்டு கிடைத்தாற்போல் இருக்கும். எழுத்தாளர் கைபட்ட இலக்கணம் என்பது அங்கங்கே தெரியத்தான் செய்கிறது.

ஆனாலும், வாலாஜாபாத்தில் அந்தப் புஸ்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு பையனுக்கு அது உதவுமா என்று கேட்டால், என்னால் உதவும் என்று சொல்ல முடியவில்லை.

வாலாஜாபாத் என்றால் சிலர் வாலாஜாபேட்டையை நினைத்துக்கொள்கிறார்கள். அது ராணிப்பேட்டைப் பக்கம். இது காஞ்சீபுரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையில், பாலாற்றங்கரையில் இருக்கிறது. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கும்பினிப் பட்டாளம் இங்கே தங்கியிருந்தது. அன்றைக்கு இந்த ஊரில் கம்பெனி என்றால் கிழக்கிந்தியக் கம்பெனி. இன்றைக்குக் கம்பெனி என்றால் வேறு அர்த்தம். 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை வந்தது. அதைச் சுற்றி டயர், லாரி, மோட்டார் சைக்கிள், உதிரி பாகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வண்டலூர்ச் சாலையில் கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. ஐ.டி.ஐ.யில் படித்த பையன் மோட்டாரைக் கழற்றி மாட்டிவிடுவான். "உன்னைப் பற்றிச் சொல்" என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டால் வாய் கட்டிப்போகிறது. நிரந்தர வேலைக்கும் ஒப்பந்த வேலைக்கும் நடுவே பல சமயங்களில் நிற்பது அந்த ஒரு கேள்விதான். ஆகவே அவன் இலக்கணப் புஸ்தகம் வாங்குகிறான்.

முதல் பாடத்திலேயே அவனுக்குச் சங்கடம். வாக்கியம் என்றால் என்ன, எழுவாய் எது, பயனிலை எது என்று ரென்னும் மார்ட்டினும் ஆரம்பிக்கிறார்கள். இங்கிலீஷை வீட்டில் பேசி வளர்ந்த பிள்ளைக்கு இது சரி. அவன் வாயில் ஏற்கெனவே இருக்கிற வாக்கியங்களுக்குப் பெயர் வைக்கிறார்கள், அவ்வளவுதான். நம் பையன் வாயில் அந்த வாக்கியங்களே இல்லையே! இல்லாத பிள்ளைக்கு நாமகரணம் செய்துவைக்கிற கதைதான்.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். பெயர்ச்சொல்லின் வேற்றுமைக்கு ஓர் அத்தியாயம் உண்டு. இங்கிலீஷில் பெயர்ச்சொல் மிச்சம் வைத்திருப்பது உடைமையைக் காட்டும் ஓர் 'ஸ்' சத்தம்தான். மற்ற வேற்றுமைகள் எல்லாம் லத்தீனில் இருந்தவை; இங்கிலீஷில் வெறும் பெயராக நிற்கின்றன. 'ஐ, ஆல், கு, இன், அது, கண்' என்று உருபுகளைக் கண்ணெதிரே பார்த்துப் படித்த தமிழ்ப் பையனுக்கு இந்த அத்தியாயம் விளங்காமற் போனால் அது அவன் குற்றமல்ல.

அவனுக்கு எது கஷ்டம் என்பதைத் தமிழிலிருந்து பார்த்தால்தான் தெரியும். 'அவர் டாக்டர்' என்கிறோம். அங்கே வினைச்சொல்லே கிடையாது. நம் இலக்கணக்காரர்கள் அதைப் பெயர்ப் பயனிலை என்று சொல்லி நிம்மதியாக இருந்துவிட்டார்கள். இங்கிலீஷில் சொன்னால், 'ஹி இஸ் எ டாக்டர்.' நடுவே 'இஸ்' ஒன்று, 'எ' ஒன்று, ஆக இரண்டு விருந்தாளிகள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். 'ஹி டாக்டர்' என்று பையன் சொன்னால் வகுப்பு சிரிக்கிறது. அவன் சொன்னது இலக்கணம் இல்லாத பேச்சல்ல. தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகப் பின்பற்றிய பேச்சு. இதை ஓர் உபாத்தியாயர் ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னால் போதும், பையனுடைய பாதி வெட்கம் போய்விடும்.

இதைவிடப் பெரிய வலை 'எனக்கு' என்ற சொல்லில் இருக்கிறது. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்கு இரண்டு தங்கைகள். தமிழில் மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை. மூன்றிலும் நான்காம் வேற்றுமை. பசியும் அறிவும் தங்கைகளும் என்னிடம் வந்து சேருகின்றன. நான் ஒன்றும் செய்யவில்லை. இங்கிலீஷிலோ எல்லாவற்றுக்கும் 'ஐ' என்று மார்தட்டிக்கொண்டு முன்னால் வர வேண்டும். வந்த பிறகும் ஒரே வழி கிடையாது. 'ஐ ஆம் ஹங்க்ரி', 'ஐ நோ', 'ஐ ஹாவ் டூ ஸிஸ்டர்ஸ்' என்று மூன்று தெருவாகப் பிரிந்து போகிறது. தெருவறியாத பையன் எல்லாவற்றையும் ஒரே தெருவில் ஓட்டி, 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹாவிங்' என்கிறான். இந்தியர்கள் பேசும் இங்கிலீஷைக் கேலி செய்ய வேண்டுமென்றால் எல்லோரும் முதலில் எடுப்பது இந்த 'ஹாவிங்'கைத்தான். ஆனால் மூன்று 'எனக்கு'களையும் ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதி, எதிர்ப்பக்கத்தில் மூன்று தெருக்களையும் காட்டும் பாடம் ரென்னிடம் இல்லை. இருக்கவும் முடியாது. கராச்சியில் வேலை பார்த்தவருக்குக் காஞ்சீபுரத்துப் பையனின் நான்காம் வேற்றுமை எப்படித் தெரியும்?

சரி, கஷ்டம்தான் எல்லாம் என்று நினைத்துவிடக் கூடாது. கையிலேயே இருக்கிற சாவியை நாம் கவனிப்பதில்லை. 'எ' எங்கே, 'தி' எங்கே என்பதில் நம்மவர்கள் ஆயுள் முழுக்கத் தடுமாறுகிறார்கள். தமிழில் அப்படி ஒன்றே இல்லை என்று சொல்லிவிடுவது வழக்கம். இது பாதிதான் உண்மை. பாட்டி கதை சொல்லும்போது எப்படி ஆரம்பிக்கிறாள்? "ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தான். அந்த ராஜாவுக்கு மூன்று பெண்டாட்டி." கேட்கிறவனுக்குப் புதிதாக வந்த ஆளுக்கு 'ஒரு', தெரிந்தவனாகிவிட்ட ஆளுக்கு 'அந்த'. 'எ' என்பதற்கும் 'தி' என்பதற்கும் உயிர்நாடி இதுதான். எப்போதும் பொருந்துமா என்றால் பொருந்தாது. சூரியனுக்கும் 'தி' போடுகிறார்களே, நாம் 'அந்தச் சூரியன்' என்பதில்லையே என்று புத்திசாலிப் பையன் கேட்பான். கேட்கட்டும். உலகத்தில் ஒன்றே ஒன்று இருப்பதை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை, அது முன்பே தெரிந்த ராஜாதான் என்று சொல்லலாம். பத்து விதிகளை உருப்போடுவதற்கு முன்னால் பாட்டியின் இரண்டு வாக்கியங்களை இங்கிலீஷில் சொல்லச் சொன்னால், விதி தானே பின்னால் வரும்.

இன்னொரு விஷயம் அந்தத் தொழிற்சாலைப் பையனுக்கு ஆறுதலாக இருக்கும். அவனை இன்டர்வியூ செய்ய வருகிற கொரியாக்காரருக்கும் ஜப்பான்காரருக்கும் இங்கிலீஷ் அன்னிய பாஷைதான். அவர்கள் பாஷையிலும் வினைச்சொல் நம்முடையதைப் போலவே வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. 'எ'யும் கிடையாது, 'தி'யும் கிடையாது. மேஜைக்கு இந்தப் பக்கம் தடுக்கி விழுகிறவனும் அந்தப் பக்கம் தடுக்கி விழுகிறவரும் ஒரே கல்லில்தான் தடுக்குகிறார்கள்.

நம் ராஜ்யத்தில் இதைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அநியாயம். 1950களின் முடிவிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் சென்னை ராஜ்யத்தில் ஒரு பெரிய இயக்கம் நடந்தது. சிலருக்குப் பயிற்சி கொடுப்பது, அவர்கள் பலருக்குக் கொடுப்பது, அந்தப் பலர் இன்னும் பலருக்குக் கொடுப்பது என்று பனிக்கட்டி உருளுவது போல் உருட்டி, சுமார் 27,000 ஆசிரியர்களுக்குப் புது முறையைக் கற்றுக்கொடுக்கத் திட்டம். இலக்கணப் பெயர்களை ஒதுக்கிவிட்டு, வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதுதான் அந்த முறை. 'திஸ் இஸ் எ புக், தட் இஸ் எ பென்.' ரென்னைவிட இது ஒரு படி மேல், வாய் திறந்தது. ஆனால் கையில் புஸ்தகத்தைப் பிடித்துக்கொண்டு 'இது புஸ்தகம்' என்று யாருக்குச் சொல்கிறோம்? எதிரே இருக்கிறவனுக்குக் கண் இல்லையா? பேச அவசியமில்லாத இடத்தில் பேசப் பழகியவன், அவசியம் வந்த இடத்தில் ஊமையாக நின்றான்.

அந்தக் குறையை நன்றாகக் கண்டவர் என். எஸ். பிரபு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்ஸிலில் இருந்தவர். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்ப் பள்ளிகளில் ஒரு பரிசோதனை நடத்தினார். வகுப்பில் இலக்கணமே பேசுவதில்லை. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியில் போனால் சீக்கிரம் போகலாம் என்று கேட்பது; படத்தைக் கொடுத்து வழி கேட்பது. புத்தி காரியத்தில் இருக்கும்போது பாஷை தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் நம்பிக்கை. பரிசோதனையை வெளியிலிருந்து வந்து மதிப்பிட்டவர்களும் ஓரளவு சாதகமாகவே எழுதினார்கள். 1987ல் பிரபு எழுதிய புஸ்தகத்தை உலகமெங்கும் பாஷை கற்பிக்கிறவர்கள் இன்றும் படிக்கிறார்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் உருவான யோசனை கடல் தாண்டிப் புகழ் பெற்றது. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மட்டும் பையன்கள் செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பரீட்சைக்கு அதுதானே வரும்!

எனக்குப் பிரபுவோடும் முழுச் சம்மதமில்லை. சிறு குழந்தைக்கு அவர் வழி சரி. கல்யாண வயதில், இரண்டு ஷிப்டுக்கு நடுவே படிக்கிறவனுக்குத் தானாக இறங்கும் வரை காத்திருக்க அவகாசமில்லை. அவனுக்குக் காரணம் சொல்ல வேண்டும். அதையும் தமிழில் சொல்ல வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்குகிற 'முப்பது நாளில் ஆங்கிலம்' ரகப் புஸ்தகங்களைப் படித்தவர்கள் கேலி செய்கிறார்கள். முப்பது நாள் என்பது புளுகு, சந்தேகமில்லை. தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதிவைத்திருப்பதும் ஆபத்து. 'பின்' என்று எழுதினால் குண்டூசியா, குப்பைத் தொட்டியா என்று யாருக்குத் தெரியும்? ஆனால் ஒரு விஷயத்தில் அந்த மட்டக் காகிதப் புஸ்தகம் ரென்னைவிட உயர்ந்து நிற்கிறது. இடப் பக்கத்தில் தமிழ் வாக்கியம். வலப் பக்கத்தில் இங்கிலீஷ் வாக்கியம். படிக்கிறவன் எந்த ஊரிலிருந்து புறப்படுகிறான் என்பதை அது மறக்கவில்லை. இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவே காரணம் சொல்லும் மூன்றாவது பத்தி ஒன்றை, தமிழ் இலக்கணமும் தெரிந்து இங்கிலீஷும் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து எழுதினால், வாலாஜாபாத் பையனுக்கு வேண்டிய புஸ்தகம் கிடைத்துவிடும். நூறு பக்கம் போதும்.

அதில் மரியாதைக்கும் ஓர் அத்தியாயம் வேண்டும். மேலதிகாரியை 'யூ' என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. 'நீ' என்று அழைத்துவிட்டதைப் போல் கூசுகிறது. அதனால்தான் வாக்கியத்துக்கு வாக்கியம் 'சார்' போடுகிறான். நாகரிகக்காரர்கள் இதை அடிமை புத்தி என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 'நீங்கள்' என்பதில் இருக்கிற 'ங்கள்' இங்கிலீஷில் கிடைக்காததால், அதை 'சார்' என்று தனியாக எடுத்து வைக்கிறான். 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு என்பதும் அந்தப் பாஷைக்குத் தெரியாது. "நாங்கள் சாப்பிடப் போகிறோம்" என்றால் உனக்கு இலை இல்லை என்று அர்த்தம். இங்கிலீஷ்காரனுக்கு அதைச் சொல்ல வழியில்லாமல் எப்படித்தான் பந்தி நடக்கிறதோ!

முதல் பாடத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அந்தப் புஸ்தகத்தை எழுதப்போகிறவர் என்னைக் கேட்டால், 'எத்தனையாவது' என்ற சொல்லிலிருந்து என்பேன். "ராஜேந்திர பிரசாத் நம் தேசத்தின் எத்தனையாவது ஜனாதிபதி?" மூன்றாம் வகுப்புக் குழந்தை தமிழில் கேட்டுவிடும். இதை இங்கிலீஷில் ஒரே சொல்லில் கேட்கும்படி, இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்த யாரையாவது சொல்லிப் பாருங்கள். மோட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். பிறகு, சுற்றி வளைத்து ஏதோ கேட்பார்.