நல்லெண்ணத்தின் விலை

திருவள்ளுவர் பொருட்பாலில் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார்: தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல். ஒரு செயலில் இறங்குமுன் அரசன் எண்ணிப் பார்க்க வேண்டியவை இவை. லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில் நம் ஆண்டவரும், போருக்குப் புறப்படும் அரசன் முதலில் உட்கார்ந்து தன் படைவலிமையைக் கணக்கிட மாட்டானா என்று கேட்கிறார். எண்ணம் நல்லதாக இருந்துவிட்டால் போதும் என்று வள்ளுவரும் சொல்லவில்லை, ஆண்டவரும் சொல்லவில்லை. ஆனால் கடந்த எழுபது ஆண்டுகளில் மேலைநாட்டு அரசுகள் அயலார் போர்களில் நுழைந்தபோதெல்லாம், தங்கள் எண்ணம் நல்லது என்பதையே முதற் சான்றாகக் காட்டி வந்திருக்கின்றன. அந்தச் சான்றின் மதிப்பு என்ன என்பதை ஆராயும் புதினம் ஒன்றை இம்மாதம் வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம். அது 1955இல் வெளிவந்த கிரகாம் கிரீனின் 'தி கொயட் அமெரிக்கன்', அதாவது 'அமைதியான அமெரிக்கன்'.

கிரீன் 1926இல் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவியவர், 1991இல் மறைந்தார். மெக்சிகோவில் வேட்டையாடப்பட்ட குரு ஒருவரைப் பற்றி அவர் எழுதிய புதினத்தை நம் குருமடங்களில் படித்தவர் பலர். 1951 தொடங்கிச் சில ஆண்டுகள் அவர் செய்தியாளராக இந்தோசீனாவுக்குப் பன்முறை சென்றார். அப்போது பிரெஞ்சுப் படை வியட்நாமில் தன் குடியேற்ற ஆட்சியைக் காக்கப் போராடிக்கொண்டிருந்தது. அந்தச் சைகோன் நகரம் தமிழருக்கு முற்றிலும் அயலான ஊரன்று. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளைச் சேர்ந்த தமிழர் பலர், அவர்களுள் கத்தோலிக்கரும் உண்டு, பிரெஞ்சு ஆட்சியின் அலுவலர்களாக அங்கே வாழ்ந்தனர். நகரத்தார் அங்கே கொடுக்கல் வாங்கல் நடத்தினர். மாரியம்மன் கோவில் இன்றும் அந்நகரில் நிற்கிறது.

கதை எளியது. ஃபவுலர் என்னும் ஆங்கிலேயச் செய்தியாளர் நடுவயது கடந்தவர். எதிலும் பக்கம் சேராதவர் என்று தம்மைப் பற்றிப் பெருமை கொள்பவர். பைல் என்னும் அமெரிக்க இளைஞன் பொருளாதார உதவிக் குழுவில் பணிபுரிய வருகிறான். அவன் ஒழுக்கமானவன், அடக்கமானவன், துணிவுள்ளவன். காவற்கோபுரத் தாக்குதலின்போது ஃபவுலரின் உயிரைக் காப்பவனும் அவனே. ஆனால் ஃபவுலருடன் வாழும் ஃபுவாங் என்ற இளம்பெண்ணையும் அவன் விரும்புகிறான். அவன் தலை நிறைய ஓர் எழுத்தாளரின் கோட்பாடு இருக்கிறது: பிரெஞ்சுக்காரருமன்று, கம்யூனிஸ்டுகளுமன்று, 'மூன்றாம் சக்தி' ஒன்றே கீழை நாடுகளைக் காக்கும் என்பது. அந்தச் சக்தியை அவன் தே என்னும் தளபதியிடம் காண்கிறான். அவனுக்கு வெடிமருந்து கிடைக்க வழி செய்கிறான். சைகோன் நகரச் சதுக்கத்தில் குண்டு வெடிக்கிறது. படை அணிவகுப்பு நடக்கும் என்று எண்ணி வைக்கப்பட்ட குண்டு அது. அணிவகுப்பு நீக்கப்பட்டுவிட்டதால் கடைத்தெருவுக்கு வந்த பெண்களும் குழந்தைகளும் மடிகிறார்கள்.

1952 சனவரியில் சைகோனில் உண்மையிலேயே நடந்த குண்டுவெடிப்பைத் தழுவியது இக்காட்சி. அதில் அமெரிக்கரின் கை இருந்ததா என்பது வரலாற்றாசிரியர் வாதிடும் செய்தி. கிரீன் இருந்ததென்றே நம்பினார். நமக்கு முதன்மையானது வேறு. குருதி தோய்ந்த அந்த இடத்தில் பைல் தன் காலணியில் பட்ட கறையைப் பார்க்கிறான். அமைச்சரைக் காணச் செல்லுமுன் அதைத் துடைக்க வேண்டுமே என்று எண்ணுகிறான். மடிந்தவர் யாரையும் அவன் வெறுத்தவனல்லன். அவர்களை அவன் கண்டதே இல்லை. அவன் கண்டதெல்லாம் கோட்பாட்டை மட்டுமே.

அறியாமை பாவமாகுமா?

அறநெறி இறையியலில் வெல்லவியலா அறியாமை, வெல்லத்தக்க அறியாமை என்னும் பாகுபாடு ஒன்று உண்டு. எவ்வளவு முயன்றாலும் ஒருவனால் அறிய முடியாத ஒன்று அவன்மீது குற்றமாகாது. ஆனால் அறிந்திருக்கக் கூடியதை அறிய முயலாமல் விட்டால், அந்த அறியாமை அவனைக் காப்பாற்றாது. உண்மையையும் நன்மையையும் தேடிக் கண்டறிய ஒருவன் அக்கறை கொள்ளாதபோது அவனுடைய அறியாமைக்கு அவனே பொறுப்பு என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. பைல் அந்நாட்டு மக்களின் மொழியை அறியான். தளபதி தே யார் என்று விசாரித்தறியான். ஃபவுலர் எச்சரித்தும் கேளான். இந்த ஒரு கதைமாந்தனின் வழியே ஓர் உண்மையைக் கிரீன் நம் முன் வைக்கிறார்: ஆயுதம் ஏந்திய கையில் அறியாமை மாசற்ற பண்பாக இருக்க முடியாது.

நூல் வெளிவந்தபோது அமெரிக்க இதழ்கள் சில இதை அமெரிக்க வெறுப்பு நூல் என்று சாடின. 1958இல் ஹாலிவுட் இதைத் திரைப்படமாக்கியபோது முடிவையே மாற்றி, அமெரிக்கனைக் குற்றமற்றவனாகவும் ஆங்கிலேயனைக் கம்யூனிஸ்டுகளிடம் ஏமாந்தவனாகவும் காட்டியது. கிரீன் அதை மன்னிக்கவில்லை. திரையில் முடிவை மாற்றலாம். வரலாற்றில் அது இயலவில்லை.

கதைக்குப் பின் நடந்தவை

1954 மே 7இல் தியன் பியன் பூ வீழ்ந்தது. அதற்குள் பிரெஞ்சுப் போர்ச்செலவில் பெரும்பங்கை அமெரிக்காவே ஏற்றிருந்தது. முதலில் பணம், பின்பு ஆலோசகர்கள். 1963 முடிவில் ஏறத்தாழ 16,000 ஆலோசகர்கள் அங்கிருந்தனர். 1965 மார்ச் 8இல் தா நாங் கடற்கரையில் கடற்படை வீரர் இறங்கினர். 1969இல் அமெரிக்கப் படையினர் 5,40,000க்கும் மேல். ஒவ்வொரு படியும் முந்திய படியை நியாயப்படுத்தவே எடுத்து வைக்கப்பட்டது. இவ்வளவு இழந்த பின் பின்வாங்கலாமா என்னும் கேள்வியே மேலும் இழக்கக் காரணமாயிற்று. சூதாடுகளத்தில் விட்டதைப் பிடிக்க எண்ணுபவனின் நிலையும் இதுதான்.

முடிவில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர் மாண்டனர். வியட்நாமியர் இறப்பை இருபது இலட்சத்துக்கும் முப்பது இலட்சத்துக்கும் இடையே பலர் மதிப்பிடுகின்றனர்; அவர்களுள் பெரும்பாலோர் படைக்கலம் ஏந்தாத எளியோர். காடுகளின்மேலும் வயல்களின்மேலும் ஏழு கோடி லிட்டருக்கும் மேலான நச்சு மருந்து தெளிக்கப்பட்டது. 1968 மார்ச் 16இல் மை லாய் சிற்றூரில் ஒரே காலைப்பொழுதில் நூற்றுக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்தது. அப்போரை வழிநடத்திய பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மக்னமாரா, இருபது ஆண்டுகள் கழித்து 1995இல் எழுதிய நூலில், தாங்கள் செய்தது தவறு என்றும், அந்த நாட்டின் வரலாற்றையும் மக்களையும் தாங்கள் அறிந்திருக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். கிரீன் இதை 1955லேயே எழுதிவிட்டார்.

நீதியான போருக்குத் திருச்சபை விதிக்கும் நிபந்தனைகளுள் இரண்டை இங்கு நினைவுகூர்வோம். வெற்றிக்குத் தக்க வாய்ப்பு இருக்க வேண்டும். நீக்க விரும்பும் தீமையைவிடப் பெரிய தீமையைப் போர் விளைவிக்கக் கூடாது. காரணம் எவ்வளவு உயர்ந்ததாயினும் இவ்விரண்டும் தப்பினால் போர் அறமாகாது. 'தெரிந்து செயல்வகை' அதிகாரமும் இக்கருத்துக்கு அண்மையில் நிற்பதைக் காண்கிறோம்.

நம் திருச்சபையும் இக்கதையில் உண்டு

இந்நூலில் நம்மைப் பெரிதும் உலுக்கும் பகுதி ஃபாத் தியம் பற்றியது. வட வியட்நாமில் கத்தோலிக்கர் நிறைந்த ஊர் அது. அந்நாட்டுக் கட்டடக் கலைப்படி எழுந்த பேராலயம் அங்குண்டு. அந்த ஆயர் தமக்கெனப் படையும் வைத்திருந்தார். கிரீன் அங்கே மணிக்கோபுரத்திலிருந்து போரைக் காட்டுகிறார். பிணங்கள் நிறைந்த கால்வாயைக் காட்டுகிறார். 1954இல் நாடு பிளவுபட்டபோது வடக்கிலிருந்து தெற்கே ஓடிய எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பான்மையர் கத்தோலிக்கர். தெற்கின் தலைவர் நியோ தின் தியம் கத்தோலிக்கர். அமெரிக்கா அவரைத் தாங்கியது. பின்பு அவர் வேண்டாதவரானபோது, அமெரிக்காவின் ஒப்புதலோடு நடந்த ஆட்சிக் கவிழ்ப்பில், 1963 நவம்பர் 2ஆம் நாள், இறந்தோர் அனைவரின் நினைவு நாளன்று, ஓர் ஆலயத்தில் அடைக்கலம் தேடிய அவர் சிறைபிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்.

கம்யூனிஸ்டு ஆட்சியைப் பற்றி நம் மக்கள் கொண்ட அச்சம் வீணன்று. அதைக் குறைத்துச் சொல்லுதல் உண்மைக்கு மாறாகும். தியமின் சகோதரியின் மகனான பேராயர் ஃபிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவான் 1975 முதல் பதின்மூன்று ஆண்டுகள் சிறையில் வாடினார். உள்ளங்கையில் மூன்று துளி திராட்சை இரசமும் ஒரு துளி நீரும் வைத்துத் திருப்பலி நிறைவேற்றினார். ஆனால் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: அயல்நாட்டுப் படை வந்து திரும்பிய பின், அப்படையின் நண்பர் என்று குறிவைக்கப்பட்டவர் யார்? கப்பலேறிச் சென்றவர்களல்லர்; அங்கேயே வாழ வேண்டியிருந்த எளிய இறைமக்கள்தாம். இன்று வியட்நாமில் ஏறத்தாழ எழுபது இலட்சம் கத்தோலிக்கர் உள்ளனர். அவர்களை நிலைநிறுத்தியது குண்டுவீச்சு விமானமன்று, அந்த உள்ளங்கைத் திருப்பலியே.

நூலின் குறைகள்

நூலைப் போற்றுவதோடு நிற்பது திறனாய்வாகாது. இதில் ஃபுவாங் கிட்டத்தட்டப் பேசாத பெண். இரு வெள்ளையரும் அவளுக்காகப் போட்டியிடுகின்றனர். அவள் மனம் என்ன என்பதை ஆசிரியர் நமக்குத் திறந்து காட்டவே இல்லை. பைல் எந்த மக்களைக் காணத் தவறினான் என்று கிரீன் குறை சொல்கிறாரோ, அந்த மக்களை அவரும் தொலைவிலிருந்தே காண்கிறார். ஃபவுலரின் இந்திய உதவியாளர் டொமிங்கெஸ் முதலானோரும் நிழல்களாகவே வந்து போகின்றனர். கம்யூனிஸ்டுத் தரப்பின் கொடுமைகள் நூலில் மிக மெல்லிய கோடாகவே தெரிகின்றன.

ஆயினும் ஒன்றில் கிரீன் தம் கதைத்தலைவரை ஏமாற்ற விடவில்லை. பைலைக் கொல்லத் துணைபோகும் ஃபவுலர் நீதிக்காகச் செய்தாரா, பொறாமையால் செய்தாரா? இரண்டும் கலந்தே இருந்தன. பக்கம் சேராதவர் என்று சொல்லிக்கொண்டவர் கையிலும் குருதி படிகிறது. இறுதியில் அவர் விரும்பியதெல்லாம் கிடைக்கிறது. மன்னிப்புக் கேட்க மட்டும் அவருக்கு ஒருவரும் இல்லை. கடவுளை நம்பாத ஒருவரின் வாயிலாக ஒப்புரவு அருட்சாதனத்தின் தேவையை இவ்வளவு ஆழமாக உணர்த்திய பக்கங்கள் குறைவு.

நாம் செய்த பிழை

இந்நூலை நாம் குருமட நாள்களில் துப்பறியும் கதைபோலப் படித்து மூடினோம். மீண்டும் திறக்க வைத்தது 2003ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று. அன்று நாம் பணியாற்றிய கடலோரப் பங்கில் வீட்டுக்கு ஒருவர் என்னும்படி இளைஞர் குவைத்தில் வேலை பார்த்தனர். ஈராக்கில் போர் மூண்டதும் அன்னையர் நாள்தோறும் ஆலயத்தில் செபமாலை சொன்னார்கள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் போரைத் தடுக்கக் கர்தினால் பியோ லாகியை அமெரிக்கத் தலைவரிடம் அனுப்பியதை நாம் அறிவோம். அறிந்தும் அதைப் பங்கில் ஒருநாளும் மறையுரையில் சொல்லவில்லை. ஏப்ரல் 9இல் பாக்தாதில் சிலை சாய்க்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் கண்டு, போர் முடிந்தது என்று நன்றித் திருப்பலி நிறைவேற்றினோம். அடுத்த ஞாயிறு குருத்து ஞாயிறு. கழுதைக் குட்டியின்மேல் வந்த அரசரை வரவேற்கக் குருத்தோலை பிடித்த அதே கைகள், சில நாள்களுக்கு முன் பீரங்கி வண்டிகளின் வெற்றிக்கு நன்றி கூறியிருந்தன.

போர் முடியவில்லை. அது ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2010 அக்டோபர் 31இல் பாக்தாதின் மீட்பின் அன்னை ஆலயத்தில் திருப்பலி வேளையில் தீவிரவாதிகள் புகுந்தனர். இரு குருக்கள் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். போருக்கு முன் பத்து இலட்சத்துக்கும் மேலாக இருந்த ஈராக் கிறித்தவரில் இன்று எஞ்சியோர் மூன்று இலட்சத்துக்கும் குறைவு என்று கணிக்கின்றனர். ஆப்கானிஸ்தானில் இருபது ஆண்டுப் போர் 2021 ஆகஸ்டில், தொடங்கிய இடத்துக்கே திரும்பி முடிந்தது.

நம் பங்கு இளைஞர் நலமாகத் திரும்பியதற்கு நன்றி கூறியதில் தவறில்லை. அந்த நன்றிக்குள் நாம் கேளாமல் விட்ட கேள்வியே பிழை: அங்கே வாழும் அன்னையரின் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? நாமும் நல்லெண்ணத்தோடுதான் இருந்தோம். பைலும் அப்படித்தான் இருந்தான். அறிய வாய்ப்பிருந்தும் அறிய முயலாத அறியாமை நம்முடையது. ஆகவே இந்நூலை அமெரிக்கரைப் பழிக்கும் நூலாக நம் வாசகர்கள் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். எங்கோ நடக்கும் போருக்கு வீட்டிலிருந்தபடியே வாழ்த்துச் சொல்லும் ஒவ்வொருவரும் தம் காலணியை ஒருமுறை குனிந்து பார்க்கட்டும். ஃபவுலருக்கு மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை. நமக்கு ஆண்டவர் இருக்கிறார். பாவத்தை ஒப்புக்கொள்ளுமுன் ஆன்மச் சோதனை வேண்டும் என்று சிறு வயதிலேயே நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது.