தரவுத்தளமே படிவம் வரைந்தால்: கோபர்கைரனேயில் ஃப்ராப்பே ஃப்ரேம்வொர்க்

நவி மும்பையின் கோபர்கைரனேயில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் கல்வி உதவி விண்ணப்பம் பெயர்க் கட்டத்திலேயே சிக்கிக்கொள்ளும். ஊரில் எடுத்த சான்றிதழில் தலைப்பெழுத்தும் பெயரும் இருக்கும். இங்குள்ள பள்ளிப் பதிவேட்டிலோ குடும்பப் பெயர், சொந்தப் பெயர், தந்தை பெயர் என்று மராட்டிய வரிசை. பத்தாவது வரை பள்ளி. அதற்கு மேல் ஜூனியர் காலேஜ் என்பதால் பாடப்பிரிவும் கேட்க வேண்டும். ரேஷன் கார்டு மஞ்சளா, காவியா, வெள்ளையா என்பது இன்னொரு கேள்வி. ஆளுக்கு ஆள் கேள்வி மாறும். ஆண்டுக்கு ஆண்டு பட்டியலும் மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புரோகிராமரைத் தேடிப் போகும் சங்கங்கள் இங்கே பல. அந்த அலைச்சல் தீருமா என்று பார்க்க, எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தின் விண்ணப்பத்தை ஃப்ராப்பே ஃப்ரேம்வொர்க்கில் கட்டினேன்.

ஃப்ராப்பே மும்பை நிறுவனத்தின் படைப்பு. ருஷப் மேத்தா தொடங்கிய இந்நிறுவனம் இஆர்பிநெக்ஸ்ட் என்ற வணிக நிர்வாக மென்பொருளால் உலகம் முழுதும் அறியப்பட்டது. அதன் அடித்தளமே இந்த ஃப்ரேம்வொர்க்: பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் எழுதியது, எம்ஐடி உரிமத்தில் இலவசம், தரவைப் பெரும்பாலும் மரியாடிபி தரவுத்தளத்தில் வைப்பது.

எப்படி வேலை செய்கிறது

இதில் படிவத்தின் வரைவும் தரவுதான். ‘டாக்டைப்’ என்ற ஒன்றை உருவாக்கி, எந்தெந்த ஃபீல்டு, எந்த வகை, எது கட்டாயம் என்று உலாவியிலேயே குறிக்கிறோம். அந்தக் குறிப்பு தரவுத்தளத்தில் வரிசை வரிசையாகப் பதிவாகிறது. சேமித்ததும் அதற்கான அட்டவணையைத் தானே உருவாக்கி, ஃபீல்டுக்கு ஒரு பத்தியைச் சேர்க்கிறது. படிவத்தைத் திறக்கும்போது அந்த வரிசைகளைப் படித்துத் திரையில் வரைந்து காட்டுகிறது. ஜாங்கோ என்ற பைத்தான் ஃப்ரேம்வொர்க்கின் நிர்வாகப் பக்கமும் இப்படித் தானாகப் படிவம் தருவதுதான். ஆனால் அங்கே ஃபீல்டு சேர்க்க நிரலைத் திருத்த வேண்டும்.

கட்டிப் பார்த்ததில்

பள்ளிகளின் பெயர்களைத் தனி டாக்டைப்பில் வைத்து, விண்ணப்பத்தில் ‘லிங்க்’ ஃபீல்டால் இணைத்தேன். புதிய பள்ளியை அங்கே ஒருமுறை சேர்த்தால் போதும், விண்ணப்பத்தின் பட்டியலிலும் வந்துவிடுகிறது. ஒரே பள்ளியை நாலு விதமாக எழுதி, கணக்கெடுக்கும்போது தவிக்கும் தொல்லை இல்லை. பதினொன்றாம் வகுப்பைத் தேர்ந்தால் மட்டும் பாடப்பிரிவு தோன்றவும், அப்போது மட்டும் அது கட்டாயமாகவும் ஒற்றை வரி நிபந்தனை போதுமானது.

பெயர்ச் சிக்கலுக்கு உள் அட்டவணை கைகொடுத்தது. எந்த ஆவணம், அதில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று ஆவணத்துக்கு ஒரு வரி. பெயரை மூன்று துண்டாக வெட்டித் திணிக்கும் கட்டாயம் இதனால் ஒழிந்தது. தமிழ்க் குடும்பங்களின் விண்ணப்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை வேறு இலவசக் கருவிகளில் நான் பார்க்கவில்லை.

எக்செல் பட்டியலை ஏற்றலாம். யார் எதைத் திருத்தினார் என்ற வரலாற்றைப் பதிவு செய்ய வைக்கலாம். ஃபீல்டு பெயர்களுக்கு நாமே தமிழ், மராத்தி மொழிபெயர்ப்பு எழுதி, ஒரே படிவத்தை மூன்று மொழியில் காட்டலாம்.

கவனிக்க வேண்டியவை

பொதுமக்கள் நிரப்பும் ‘வெப் ஃபார்ம்’ தனக்கென்று ஃபீல்டு பட்டியல் வைத்திருக்கிறது. டாக்டைப்பில் புதுக் கேள்வி சேர்த்தால் அங்கேயும் சேர்க்க வேண்டும். இந்த இரண்டாம் படியைச் சங்கச் செயலாளருக்குச் சொல்லிக்கொடுத்தே ஆகவேண்டும்.

டாக்டைப்பிலிருந்து ஒரு ஃபீல்டை நீக்கினால் திரையிலிருந்து மறையும். தரவுத்தளத்தில் அந்தப் பத்தியும் பழைய விவரமும் அப்படியே இருக்கும். கைதவறி நீக்கியவருக்கு இது காப்பு. பிள்ளைகளின் விவரத்தில் இது பொறுப்பு. 2023-ல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. அப்படி எஞ்சும் பத்திகளை அகற்றத் தனிக் கட்டளை உண்டு. அதை இயக்க சர்வர் அறிந்த ஒருவர் வேண்டும்.

நிறுவுவதும் எளிதல்ல. லினக்ஸ், பைத்தான், நோட், ரெடிஸ், மரியாடிபி எல்லாம் ஒத்துழைக்க வேண்டும். மலிவான பகிர்வு ஹோஸ்டிங் இதற்கு ஆகாது. ஃப்ராப்பே கிளவுடில் கட்டணம் செலுத்தினால் அந்தச் சுமை குறையும். இணையம் இல்லாத இடத்தில் வீடு வீடாகப் போய் விவரம் எடுப்பவர்களுக்கு, ஆஃப்லைனில் இயங்கும் கோபோடூல்பாக்ஸோ ஓடிகேவோ நல்லது.

யாருக்கு ஏற்றது

ஒருமுறை மட்டும் பெயர் சேகரிக்கிறீர்கள் என்றால் கூகுள் ஃபார்ம்ஸ் போதும். ஆண்டுதோறும் அதே குடும்பங்களைத் தொடர்ந்து கவனிக்கும் சங்கம், அறக்கட்டளை ஆகியவற்றுக்கு ஃப்ராப்பேயை மனதாரப் பரிந்துரைக்கிறேன். ரேஷன் கார்டு நிறம் தெரிந்தால் போதுமா, வருமானச் சான்றும் வேண்டுமா என்பதை அறிந்தவர் விண்ணப்பங்களைக் கையில் வாங்கும் செயலாளர்தான். அவரே கேள்வியை மாற்ற முடிவது பெரிய வசதி. டாக்டைப்பைத் திருத்தும் உரிமை பெற்றவருக்கு வழக்கமாக மற்ற தரவுகளும் திறந்துவிடும். ஆகவே அதை ஓரிருவருக்கு மட்டும் கொடுங்கள். மாற்றத்துக்கு முன் காப்புப் பிரதி எடுங்கள். உதவி முடிவு செய்யத் தேவைப்படாத கேள்வியைப் படிவத்தில் சேர்க்காதீர்கள்.