ஆண்டறிக்கையில் தோட்டத்துப் பெண்

‘சம வாய்ப்பு’ என்னும் தொடர் மலேசியத் தோட்டக் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளில் இன்று பெருவழக்காயிற்று. பங்குச் சந்தை 2022இல் வகுத்த விதிப்படி, அங்குப் பதிவுபெற்ற கம்பெனிகள் ஒவ்வொரு பணிப்பிரிவிலும் ஆண், பெண், வயது வாரியாக நூற்றுக்கு எத்தனை பேர் எனக் காட்டுதல் வேண்டும். கணக்கு உண்டு, ஆயின், பிரிவு யாது?

சுங்கை ஆயர் தாவார் முதல் கோல சிலாங்கூர் வரை தோட்டங்களை அறிந்தார்க்கு, பால்மரம் வெட்டுதலும் மருந்தடித்தலும் செம்பனைக் குலை வெட்டுதலும் வெவ்வேறு வேலை, வெவ்வேறு வருவாய் என்பது சொல்லாமலே விளங்கும். இவையனைத்தையும் ‘தொழிலாளர்’ என்று ஒரே கட்டத்துள் அடைத்துப் பெண்டிர் இத்தனை விழுக்காடு என்றால், வாய்ப்பைப்பற்றி அது ஒன்றும் உரைத்ததாகாது. மருந்தடித்தவள் கங்காணியாக உயர்ந்தாளா என்பதன்றோ வினா!

1920களின் இறுதியில் மலாயாவில் இந்தியத் தொழிலாளர்க்கு விதிக்கப்பட்ட நாட்கூலி, போக்குவரத்து எளிதான பகுதிகளில், ஆணுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. அது கொடுமையே. எனினும் அந்தப் பத்துக் காசு எழுத்தில் நின்றது; அதைச் சுட்டி வாதிட இடமிருந்தது. இன்றைய விதியின் பொதுப்பட்டியலிலோ இருபாலார் ஊதிய வேறுபாடு இடம்பெறவில்லை. தாமே முன்வந்து அதனை வேலைவாரியாக வெளியிடும் கம்பெனியின் அறிக்கையே படித்து ஆராய்தற்குரியது. ஏனைய பக்கங்களில் படங்கள் நன்றாகவே உள்ளன.