இசைத்தட்டும் பாடபேதமும்

பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தோர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்துவைத்தனர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது, பல இடங்களிலிருந்து தேடிப் பெற்ற ஏடுகளை ஒப்பிட்டே மூலத்தை நிறுவினார். எழுதுவோர் கை மாறுந்தோறும் எழுத்தும் மாறும் என்பதை நன்குணர்ந்தவர் அவர். இயந்திரம் படியெடுக்கும் காலத்தில் இத்தொல்லை ஒழிந்துவிட்டது என எண்ணுவோர் உண்டு. இசைத்தட்டைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பொருந்தாது. மேனாட்டு ராக் இசையின் புகழ்பெற்ற தொகுப்புகள் நாட்டுக்கு நாடு வேறுபட்ட ஒலித்தரத்திலும், சில வேளை வேறுபட்ட உருவிலுமே வெளிவந்தன. ஆயினும் அவற்றைத் திறனாய்ந்தோர் பலர், எந்நாட்டுத் தட்டைக் கேட்டு எழுதினர் என்பதைச் சொல்வதே இல்லை.

வேறுபாடு தோன்றும் வழி எளிதில் விளங்கக்கூடியதே. ஒலிநாடாவில் பதிவான இசை, வெட்டுப்பொறியால் அரக்குப் பூச்சுடைய தட்டொன்றில் சுருள்வரியாக வெட்டப்படுகிறது. அதன்மேல் உலோகம் படியவைத்து எடுக்கும் படிகளிலிருந்து அச்சுத்தகடு பிறக்கிறது. அத்தகட்டினால் சூடான வினைலை அழுத்தக் கடைக்கு வரும் தட்டு உருவாகிறது. மூலநாடா பெரும்பாலும் பிறந்த நாட்டிலேயே தங்கிவிடும். அயல்நாட்டுக்குச் செல்வது அதன் படி, சிற்சில வேளைகளில் படியின் படி. ஒவ்வொரு படியிலும் இரைச்சல் சற்றுக் கூடும். உச்ச ஒலிகளின் துலக்கம் சற்றுக் குறையும். வெட்டுபவரோ, ஊசி துள்ளிவிடுமென அஞ்சித் தாழ்ந்த ஒலிகளை அடக்கவும் கூடும். இவற்றோடு வினைலின் தூய்மையும், தேய்ந்த தகட்டை உரிய காலத்தில் மாற்றாத ஆலையின் சிக்கனமும் சேர்ந்துகொள்கின்றன.

ஜப்பானியத் தட்டுகளின் அமைதியைப் புகழாத ரசிகர் இல்லை. மேற்பரப்பு இரைச்சல் மிகக் குறைந்த வினைல் அவர்களுடையது. ஆனால் அவற்றுட் பல, படி நாடாக்களிலிருந்து வெட்டப்பட்டவை. தாள் வெண்மையாய் இருப்பதால் பாடம் திருத்தமாகிவிடாது.

ஒலித்தரத்தைவிடப் பெரிய கேள்வி, படைப்பின் உருவத்தைப் பற்றியது. பீட்டில்ஸ் குழுவினரின் 'ரப்பர் சோல்' 1965-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 14 பாடல்களுடன் வந்தது. அமெரிக்காவில் கேப்பிட்டல் நிறுவனம் அவற்றுள் நான்கை நீக்கி, முந்தைய இங்கிலாந்துத் தொகுப்பான 'ஹெல்ப்'பிலிருந்து இரண்டைச் சேர்த்து 12 ஆக்கியது. முன்னரே 1964-இல் 'ஐ ஃபீல் ஃபைன்' போன்ற பாடல்களுக்கு எதிரொலியைக் கூட்டி வெளியிட்ட நிறுவனம் அது. வணிகர் கை கலைஞர் நெய்த துணியைக் கத்தரித்தது என்று கடிந்துகொள்ளலாம், கடிதல் தகும். எனினும் வியப்பு ஒன்றுண்டு. அந்தக் கத்தரித்த உருவம் நாட்டுப்புற இசையின் சாயலில் ஒருமித்து ஒலித்தது. பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் கேட்டு மயங்கியதும் அதனையே; அம்மயக்கத்தின் விளைவாகவே 1966-இல் 'பெட் சவுண்ட்ஸ்' பிறந்தது. பிழைபட்ட பாடமொன்று ஒரு பேரிலக்கியத்துக்கு வித்தானாற் போன்றது இது.

மலேசிய வாசகருக்கு இன்னும் அணுக்கமான சான்று 1967-ஆம் ஆண்டின் 'சார்ஜெண்ட் பெப்பர்' ஆகும். மலேசியா, ஹாங்காங் முதலிய இடங்களுக்கென வந்த தட்டில் மூன்று பாடல்கள் இல்லை. போதைப்பொருளைச் சுட்டுகின்றன என்ற ஐயத்தால் அவை நீக்கப்பட்டு, 'மேஜிக்கல் மிஸ்டரி டூர்' பாடல்கள் அவ்விடத்தை நிரப்பின. நீக்கப்பட்டவை சிறு பாடல்களும் அல்ல. முதற்பாடலின் இறுதியில் ஒரு பாடகர் பெயர்கூறி அறிமுகம் செய்யப்பட, இடைவெளியின்றி இரண்டாம் பாடல் தொடங்குவதே அத்தொகுப்பின் அமைப்பு. அவ்விரண்டாம் பாடல் நீக்கப்பட்டது. மூன்றாவதும் நீக்கப்பட்டது. நெடிதொலிக்கும் பியானோ ஒலியோடு முடியும் இறுதிப் பாடலும் போயிற்று. பிரிட்டிஷ் வானொலியும் அவ்விறுதிப் பாடலை ஒலிபரப்பத் தடை விதித்தது உண்மை. ஆனால் அங்கே தட்டு சிதையவில்லை. இங்கே தட்டே சிதைந்தது. அதனை மட்டும் கேட்டு வளர்ந்த இளைஞர், 'இத்தொகுப்பை முழுமையான ஒரே படைப்பு என்று ஏன் போற்றுகின்றனர்?' என வினவினால் அவரைக் குறைகூற இயலாது. அவர் கேட்டது வேறு நூல்.

இதனால் பிறந்த நாட்டுத் தட்டே எப்போதும் சிறந்தது என முடிவு கட்டுவதும் பொருந்தாது. 'மேஜிக்கல் மிஸ்டரி டூர்' அமெரிக்கத் தட்டில் மூன்று பாடல்கள் போலி ஸ்டீரியோவில் இருந்தன; ஒற்றை ஒலியைப் பிரித்துக்காட்டும் வித்தை அது. 1971-இல் ஜெர்மனியில் வந்த தட்டில்தான் அனைத்தும் மெய்யான ஸ்டீரியோவாக அமைந்தன. 1976-இல் இங்கிலாந்தே இதனை நெடுந்தட்டாக வெளியிட்டபோது, அமெரிக்கப் படியைப் பின்பற்றிப் போலியையும் ஏற்றுக்கொண்டது. தாய்நாட்டுப் பதிப்பு அயல்நாட்டுப் பதிப்புக்குத் தோற்ற இடம் இது. 1987-இல் குறுந்தட்டுகள் வந்தபோது பிற தொகுப்புகளுக்கு இங்கிலாந்து உருவமே உலகெங்கும் பொதுவாயிற்று; இந்த ஒன்றுக்கு மட்டும் அமெரிக்கப் பாடல் வரிசை நிலைத்தது.

லெட் செப்பலின் குழுவும் இங்கிலாந்தைச் சேர்ந்ததே. அவர்களின் இரண்டாம் தொகுப்பு 1969-இல் வந்தபோது, அமெரிக்காவில் பாப் லட்விக் என்பவர் அதனைத் தாழ்ந்த ஒலிகள் அதிரும்படி, அச்சமின்றி வெட்டினார். நிறுவனத் தலைவரின் மகளுடைய கருவியில் ஊசி துள்ளியதாம். அதனால் அவ்வெட்டு கைவிடப்பட்டு, அடங்கிய ஒலியுடன் மீண்டும் வெட்டப்பட்டது என்பர். ஒரு மலிவான கருவிக்காக நல்ல பாடமொன்று திருத்தப்பட்டது! இன்று முதல் வெட்டுக்குச் சேகரிப்போர் தரும் விலை மிகுதி. அரிதாய் இருப்பதற்கும் விலை உண்டாதலால், விலையை மட்டும் வைத்துத் தரத்தை அளத்தல் தகாது. ஆனால் இத்தட்டைப் பொறுத்தவரை செவியும் விலையும் ஒத்துப்போகின்றன. உறையைப் பார்த்து அதனை அறிய முடியாது. நடுத்தாளை ஒட்டிய வெற்று வளையத்தில் 'ஆர்எல்' எனக் கையால் கீறிய எழுத்துகளை விளக்கொளியில் சாய்த்துத் தேடியே அதனை இனங்காண்கின்றனர்.