மேல்நோக்கி மட்டும் ஒரு ‘ப்ளீஸ்’

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு ஒரு பக்கம் ஒரகடம், இன்னொரு பக்கம் வல்லம் வடகால், இரண்டும் சிப்காட் தொழிற்பேட்டைகள். 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை திறந்தது, 2012இல் டெய்ம்லர் லாரி ஆலை. அங்கே வரும் ஜப்பானியருக்கும் ஜெர்மானியருக்கும் ஆங்கிலம் இரவல் மொழி, நம் ஐ.டி.ஐ., டிப்ளமோ பிள்ளைகளுக்கும் அப்படித்தான். இரு தரப்பும் இரவல் வாங்கிப் பேசும் இந்த வட்டாரத்துக்கு, ஸ்போக்கன் இங்கிலீஷ் கையேடுகளின் ‘சீ, லுக், வாட்ச்’ வேறுபாட்டு அட்டவணையும் பணிவுச் சொற்றொடர்ப் பட்டியலும் எவ்வளவு பொருந்தும்?

பட்டியலை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. ‘ஸ்பேனர் குடுங்க’ என்பதை அப்படியே ‘கிவ் மீ ஸ்பேனர்’ என்றால் அந்த ‘ங்க’ உதிர்ந்து, வெறும் கட்டளை மிஞ்சுகிறது. பேசியவர் முரடர் இல்லை. மரியாதையை வைக்க இடம் தெரியாதவர். பட்டியலில் உள்ள ‘குட் யூ’ (could you) அந்த இடத்தைக் காட்டுகிறது. நேர்காணலிலும் மெயிலிலும் இது கைகொடுக்கும். இந்தக் காரணத்தைச் சொல்லாமல் வாய்பாடாக உருப்போட வைப்பதுதான் சங்கடம்.

பெரிய ஓட்டை வேறு. நம்மிடம் வந்து பொருள் மாறிப்போன ஆங்கிலச் சொற்களை அட்டவணைகள் கண்டுகொள்வதில்லை. ‘மெஷின் ரிப்பேர்’ என்றால் நமக்குப் பழுது. அதே நினைப்பில் ஒரு பயிலுநர் ‘மெஷின் இஸ் ரிப்பேர்ட்’ என்றால், வெளிநாட்டுப் பொறியாளர் காதில் ‘சரிசெய்தாயிற்று’ என்றுதான் விழும். அவர் சுவிட்சைப் போட்டாலும் போடுவார். ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று கேள்வி கேட்க எழுந்தால், நீங்கள் சொல்வதை நம்பவில்லை என்று பொருள்படக்கூடும். ‘சீ’யும் ‘லுக்’கும் இடம் மாறினால் யார் கையும் நசுங்காது. எதை முதலில் சொல்லித்தர வேண்டும்?

வாக்கியம் நீள நீளப் பணிவு கூடும் என்பது பட்டியலின் மறைமுகப் பாடம். மெயிலுக்கு அது சரி. பிரஸ் மெஷின் இறங்கும்போது ‘வுட் யூ மைண்ட் ஸ்டாப்பிங்’ என்று தொடங்கினால் முடிப்பதற்குள் காரியம் கெட்டுவிடும். அங்கே ‘ஸ்டாப்!’ என்று கத்துவதே மரியாதை.

என் முக்கியமான புகார், இந்தப் பணிவு எப்போதும் மேல்நோக்கியே போகிறது என்பது. லீவு கேட்க, மன்னிப்புக் கேட்க, வாய்ப்புக்கு நன்றி சொல்ல வாக்கியங்கள் குவிந்து கிடக்கின்றன. மறுப்பதற்கு? ‘இன்று ஓ.டி. பார்க்க முடியாது சார்’, ‘பாதுகாப்புத் தடுப்பு இல்லாத மெஷினில் கை வைக்க மாட்டேன்’ என்பவற்றைப் பணிவு குறையாமல், பிடி தளராமல் சொல்லும் ஆங்கிலம் கையேடுகளில் அரிது. கான்ட்ராக்ட் தொழிலாளியை ‘வா, போ’ என்று ஒருமையில் விரட்டும் சூப்பர்வைசருக்கு ‘குட் யூ’ பாடம் எடுப்பதையும் யாரும் யோசிப்பதில்லை. அவர் கற்பது, மேலே அனுப்பும் மெயிலில் ‘கைண்ட்லி’ எங்கே போடுவது என்பதை.